தாமான் என்றால் கயிறு

என் கணவர் பேச்சை இழந்தது ஓர் ஆவணி மாதக் காலையில். வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஜவ்வாது மலையில் நான் நர்ஸ் வேலை பார்க்கிறவள். பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? ஆம்புலன்ஸ் மலையேறி வந்து, வளைவு வளைவாக இறங்கி, வேலூர் போய்ச் சேரும்வரை என் கையைப் பிடித்தபடி எதையோ சொல்லப் பார்த்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

அவர் மலைக்காரர் இல்லை. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, பாய் கட்டிய வள்ளத்தில் மீன்பிடித்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அந்த வார்டில் நான் பயிற்சி நர்ஸ். அப்பா பிழைக்கவில்லை. அடக்கம் முடித்து ஊருக்குப் போன மகன் சில மாதங்கள் கழித்து, ஒடுகத்தூரில் எங்கள் வீட்டைத் தேடி வந்து பெண் கேட்டார். இரண்டு குடும்பமும் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம்தான். என் அப்பாவுக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று.

"கடலுக்குப் போறவருக்கு எப்டிங்க பொண்ணு குடுக்கறது?"

"இனிமே போகல" என்றார் இவர்.

சொன்னபடி வள்ளத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். எனக்கு மலையில் வேலை கிடைத்ததும் ஒரு பழைய ஜீப் வாங்கினார். சாமை மூட்டை, புளி, பிரசவ வலியில் துடிக்கும் பெண்கள், எல்லாவற்றையும் ஒடுகத்தூருக்கும் அமிர்திக்கும் ஏற்றிப்போனார். எங்கள் பேச்சையும் முழுக்கப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, வூட்ல பால் கீதா?" என்று அவர் கேட்டுக்கொண்டு வந்தால், கடற்கரையில் பிறந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாலையில் இருவருமாக உட்கார்ந்து பேசுகிற பேச்சுதான் எங்கள் வீடு.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, காலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வந்தது. வலது கை வரவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்துவிடாமலிருக்க, ஒரு பழைய புடவையைக் கிழித்து அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். ஒருநாள் மதியம் கஞ்சி ஊட்டும்போது, தெளிவாக ஒரு சொல் சொன்னார்.

"தாமான்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "இன்னாங்க? தாமதமா? நான் லேட்டா வந்தேன்னு சொல்றீங்களா?"

"தாமான்... தாமான்..." முகம் சிவந்துவிட்டது. இடது கையால் நாற்காலியைத் தட்டினார்.

உடனே அவருடைய தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, உங்க அண்ணன் பேசறாருப்பா. தாமான் தாமான்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

தம்பி சொன்னார்: "மதினி, தாமான்னா பாயோட கீழ்முனையில கட்டியிருக்குற கயிறு. காத்து கூடுச்சுன்னா அத இளக்கி விடணும். இல்லாட்டி வள்ளம் கவுந்துரும்."

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். புடவைக் கிழிசல் நெஞ்சுக்குக் கீழே இறுகிக் கிடந்தது. முடிச்சைத் தளர்த்தினேன். நீளமாக ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு வந்த சொற்களெல்லாம் வள்ளத்தின் சொற்களே. 'அணியம்' என்றால் வள்ளத்தின் முன்பக்கம். அவருக்குத் தலைவலி என்று அர்த்தம். பாய் தொங்குகிற குறுக்குக் கழி 'பருமல்'. தோள் வலித்தால் அதைச் சொல்வார். மேற்கு ஜன்னல் வழியாகக் குளிர் அடித்தால் 'கச்சான்' என்பார். அது அவர்கள் ஊரில் மேல்காற்றின் பெயர். ஒவ்வொன்றுக்கும் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். வேலூர் டாக்டர், சின்ன வயதில் ஊறியது சில பேருக்கு அழியாமல் நிற்கும் என்றார். பிற்பாடு படித்தது போய்விடுமா என்று கேட்டேன். அவர் குனிந்து மாத்திரைச் சீட்டை எழுதினார்.

போய்விட்டிருந்தது. எனக்காகக் கற்றுக்கொண்ட பேச்சு மொத்தமும். பிரசவத்துக்கு அவர் ஜீப்பில் மலையிறங்கிப்போன ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்க வந்தாள். "இன்னாண்ணா, என்னத் தெரியிலயா?" அவர் வெகுநேரம் தேடி, "கொண்டல்" என்றார். கீழ்க்காற்றுக்கு அந்தப் பெயர். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து யாராவது வந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருடைய சொற்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு தடவ இங்க கூட்டியாங்க மதினி" என்றார் தம்பி. லீவு போட்டுக் கூட்டிப்போனேன்.

மறுநாள் காலை, கடல் அமைதியாக இருந்தது. தம்பியும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தூக்கி வள்ளத்தின் பின்பக்கம் உட்கார வைத்தார்கள். பாய் ஏறியது. நான் கரையில் நின்றேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு குரல் கேட்டது. "தாமான வலி! வலிடா! போதும், இளக்கு!" அவருடைய குரல். அவ்வளவு சத்தமான குரலை மலையில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. முதலில் சந்தோஷத்தில்தான் அழுதேன்.

நாலு நாள் இருந்தோம். கரையில் வலை உலர்த்துகிறவர்களோடு உட்கார்ந்திருப்பார். அவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பார்கள். இவர் ஒரு சொல் சொல்வார். அவர்கள் அதற்கு மறுசொல் சொல்வார்கள். கிளம்புகிற அன்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வூட்டுக்குப் போலாமாங்க?"

அவருக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தார். தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, மதினி மலைக்குப் போவமான்னு கேக்குறாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இடது கையை மணலில் ஊன்றி, "கரை" என்றார். மறுபடியும், "கரை." கண் கலங்கியிருந்தது. கோபமில்லை. கெஞ்சினார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எனக்கு வேலை மலையில். மருந்துச் செலவு அந்தச் சம்பளத்தில். கடற்கரைப் பக்கம் மாறுதல் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. தினமும் போனில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் விலகும். தம்பி வாங்கி, "நல்லா இருக்காரு மதினி" என்பார். நல்லாத்தான் இருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன தடவை அவரைப் பார்த்துவிட்டு நான் திரும்பும்போது பஸ் நிற்கிற இடம்வரை தடி ஊன்றி வந்தார். என் பையைத் தம்பி தூக்கி வந்தார். நான் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், அவர் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்ல முயன்றார். முதல் எழுத்து வந்தது. உதடு அடுத்த எழுத்துக்காகக் குவிந்தது.

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.