அக்காவைக் கேட்காமல் கொடுத்த மன்னிப்பு

அன்று மாலைப் பூசைக்கு ஊரே வந்திருந்தது. பங்குச்சாமி இருந்தார், உபதேசியார் இருந்தார். அப்பா முன்வரிசையில் நின்றார். ஒரு தூண் தள்ளி பெரியப்பா. அம்மா முக்காட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கல்லூரி விடுமுறைக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தேன். அக்கா மட்டும் வரவில்லை. மறுநாள் கொடியேற்றத்துக்கு வரும் விருந்தாளிகளுக்காக வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் மூன்று விரல் இல்லாதவளுக்கு அந்த வேலை சீக்கிரம் முடியாது.

கோடைக்கானலுக்கு மேலே எங்கள் மலைக்கிராமத்தில் ஒரு வழக்கம் உண்டு. பகை வைத்திருப்பவர்கள் திருவிழாவில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது. கொடியேற்றத்துக்கு முந்தின மாலை பீடத்துப் படியில் நின்று சமாதானம் சொன்னால்தான் அந்த உரிமை திரும்பக் கிடைக்கும். சப்பரத்தின் முன்தண்டில் ஒரு இடம் எங்கள் வீட்டுக்குரியது. அக்காவின் விரல்கள் போனதிலிருந்து அப்பா தன் அண்ணனோடு பேசுவதை விட்டிருந்தார். சப்பரம் போகும்போது பாதையோரம் ஒதுங்கி நிற்பார். மகளுக்காகத் தன் இடத்தை விட்டு நிற்கிறாரே என்று அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

விரல்கள் போனது பெரியப்பாவின் கேரட் கழுவும் மெஷினில். அதன் பெல்ட்டுக்கு மூடி கிடையாது. “ஒரு மூடி போடுங்க பெரியப்பா, பயமா இருக்கு” என்று அக்கா கேட்டிருக்கிறாள். “மூடுனா சகதி அடைச்சுக்கிரும். வெரசா சோலியப் பாரு” என்றிருக்கிறார். விபத்து நடந்த பின், புள்ளை போனைப் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். அன்றைக்கு அக்காவின் போன் என்னிடம் இருந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்கு அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். ஓடிபி வருமென்று கோடைக்கானல் பிரவுசிங் சென்டருக்கு அதை எடுத்துப் போயிருந்தேன். அவளிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்ததே அப்பாதான்.

பூசை முடிந்து சாமி கேட்டார், “மனத்தாங்கல் உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா?” முதலில் படியேறியது அப்பா. பின்னாலேயே பெரியப்பா.

“புள்ள போனைப் பாத்துக்கிட்டு கைய விட்டுருச்சு. இருந்தாலும் எம் மெஷின்ல நடந்தது, எனக்கும் வருத்தந்தான்” என்றார் பெரியப்பா.

அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். “விடுண்ணே. ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு. நான் மன்னிச்சுட்டேன்” என்றார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். கோயில் முழுக்கக் கைதட்டியது.

“அக்கா போன் எங்கிட்ட இருந்துச்சு சாமி” என்றேன். கைதட்டலில் அது சாமிக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்து, “ஏலே, கோயில்ல வாயடக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அவரே சந்தோஷமாகச் சொன்னார். அக்கா தலை நிமிரவில்லை.

“மன்னிச்சுட்டியா? நல்லது. என்னோடதை எடுத்துக் குடுக்குறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாப்பா?”

“பழசைக் கிளறாதத்தா. சேசுநாதரே மன்னிச்சாரு.”

“அவரு தன் கையில அடிச்ச ஆணிக்கு மன்னிச்சாரு. ஊரான் கையில அடிச்சதுக்கு இல்ல.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சப்பரம் துடைக்க வேண்டுமென்று வெளியே போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அக்கா பத்தாவதோடு நின்று கேரட் கழுவப் போனதால்தான் அது நடந்தது. அதை எல்லோரும் தியாகம் என்றார்கள். உபதேசியார் ஞானோபதேச வகுப்பில்கூட அவளை உதாரணம் காட்டினார். அதே வகுப்பில்தான், சேசுவின் உயிரை யாரும் பறிக்கவில்லை, அவராகவே கொடுத்தார் என்றும் படித்தேன். அவராகக் கொடுத்ததால்தான் அது பலி. அக்காவிடம் படிப்பை விடுகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. மன்னிக்கிறாயா என்றும் கேட்கவில்லை. இரண்டையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் வேதத்திலிருந்து பெயர் வைத்தோம்.

திருவிழா முடிந்ததும் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர், அன்றே வீட்டுக்கு வந்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “மன்னிக்க மாட்டேன்னு நான் சொல்லல சாமி. எங்கிட்ட இன்னும் யாரும் மன்னிப்புக் கேக்கலை.” பெரியப்பா கேட்க வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அப்பா கேட்பார் என்று இருந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க இருந்தாள். பிறகு ஆயக்குடியில் ஒரு கொய்யா மண்டியில் கணக்குப் பார்க்கப் போய்விட்டாள். அடுத்த திருவிழாவுக்கு வரவில்லை. அப்பா தோள் கொடுத்தார்.

அங்கேயே வேலை செய்த ஒருவரைப் போன தை மாதம் கல்யாணம் செய்துகொண்டாள். பழனியில் பங்குக் கோயிலில் கல்யாணப் பூசை. எங்களில் பெண்ணின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போவது தகப்பன். அப்பா புது வேட்டி கட்டி, வெள்ளனே வந்து கோயில் வாசலில் நின்றார். அக்கா காரிலிருந்து இறங்கியதும் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

“வேணாம்ப்பா. நான் போய்க்கிறேன்.”

பாட்டு ஆரம்பித்தது. சேலைக் கொசுவத்தை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தனியாகவே நடந்தாள். அப்பா நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.