பின்னட்டையில் இருந்த எண்

அந்தத் தையல்கார அக்காவுக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. சீட்டுக்கட்டைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். அப்படிப்பட்டவரை முன்பின் தெரியாதவர்கள் போனில் பிடித்து, “பாலம் இடிஞ்சுதா இல்லையா, நீங்களே சொல்லுங்கக்கா” என்று கேட்கும்படி ஆனதற்கு அவருடைய தம்பிதான் முழுப் பொறுப்பு.

தம்பி மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. பாதி நாள் வெளியூரில்தான் இருப்பான். மீதி நாளில் அவன் ஒரு பதிப்பாளன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, ஒரு கதையை வாயாலேயே நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு இருக்கிறதே, அதற்கு விதிப்புத்தகம் எழுதி அச்சடித்து விற்றான். அந்தச் சந்தையை ஏற்கெனவே ஒரு பெரிய கம்பெனி வளைத்துப் போட்டிருந்தது. கடைகளில் முன்வரிசை முழுக்க அவர்களுடைய சரக்குதான். யார் எந்த விளையாட்டை ஆடினாலும் ஜனங்கள் அதை அந்தக் கம்பெனி விளையாட்டின் பேரிலேயே சொன்னார்கள். “ஓ, அது மாதிரியா?” என்று யாராவது கேட்டுவிட்டால் தம்பிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் புத்தகம் தலையணை கனம். தம்பியுடையது கைக்குட்டை மாதிரி மடித்துப் பையில் வைக்கலாம். அவர்கள் பளபளக்கும் பலமுகப் பகடைகளைப் பெட்டி பெட்டியாக விற்றார்கள். “வீட்ல கிடக்கிற ரெண்டு சாதாப் பகடை போதும்” என்று தம்பி அட்டையிலேயே போட்டான். இப்படித்தான் அவன் யானையோடு மல்லுக்கு நின்றான். ஆனால் பக்கத்தைக் குறைத்ததில் விதிகளும் குறைந்துவிட்டன. அதற்கென்ன செய்வது என்று அச்சகக்காரர் கேட்டதற்கு, “சந்தேகம்னா கூப்பிடட்டும்” என்று சொல்லி, பின்னட்டையில் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தான் அந்தப் புத்திசாலி. வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசிக்கவேயில்லை.

போன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் அழைப்பு வந்தபோது அக்கா ஒரு காலர் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைத்துக்கொண்டிருந்தார். கை ஒழியாததால் ஸ்பீக்கர் பட்டனைத் தட்டினார்.

“ஒரு சந்தேகங்க. நம்மாளு ஒருத்தன் கோட்டைச் சுவரைத் தாண்டிக் குதிக்கிறான். பகடை நல்லாத்தான் விழுந்துச்சு. ஆனா அவன் தோள்ல ஒரு ஆடு இருக்கு. தாண்டினதா கணக்கா?”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“ஆடு யாரோடதுப்பா?”

அந்தப் பக்கம் கசமுசாவென்று பேச்சு. “திருடினதுங்க.”

“அப்ப அவன் தாண்டிட்டான். ஆடு தாண்டல. அந்தப் பக்கமே நின்னு கத்துது. ஊர் முழுக்க முழிச்சிருக்கும், சீக்கிரம் ஓடச் சொல்லு.”

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “ஐயோ, ஓடுங்கடா!” என்று ஒரு கட்டைக்குரல் அலறியது. லைன் துண்டான பிறகும் அக்கா ஊசியைத் தொடவில்லை. குடும்பம் குட்டியோடு இருக்கிற ஆம்பிளைகள், இல்லாத ஒரு ஆடு போட்ட சத்தத்துக்கு நிஜமாகவே பயந்து ஓடுகிறார்கள். அக்காவுக்குப் புல்லரித்தது.

அதற்கப்புறம் அழைப்புகள் வந்தபடி இருந்தன. தம்பி வீட்டில் இருந்து எடுத்தால், “பன்னெண்டாம் பக்கம் பாருங்க” என்று முடித்துவிடுவான். அக்கா எடுத்தால் கதை கேட்பார். யார் தள்ளியது, ஏன் தள்ளினான், அவன் அம்மாவுக்குத் தெரியுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் தீர்ப்பு. “நீ சொல்றது எதுவுமே புஸ்தகத்துல இல்லக்கா!” என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வான். “அதனாலதானே கூப்பிடறாங்க” என்பார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தால் அவர் காது போன் பக்கமே இருக்கும். எங்கெங்கோ இருக்கிற வீடுகளில், அடுப்பில் பால் வைத்துவிட்டு ராஜ்யம் ஆளுகிறார்களே என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆச்சரியம் தீரவேயில்லை.

பெரிய கம்பெனி சும்மா இருக்குமா? புதுப் பதிப்பு வந்தது. கூடவே ஒரு ஆப். எந்தச் சந்தேகத்தைத் தட்டினாலும் கண்ணிமைப்பதற்குள் பதில். மூன்று மாதத்தில் அக்காவின் போன் ஊமையாகிவிட்டது. விற்காத புத்தகங்கள் துணி வெட்டும் மேசைக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

“மூடிடலாம்க்கா. மாசக் கடைசியில லைனையும் வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துடறேன்” என்றான் தம்பி.

“உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அக்கா மெஷினை வேகமாக மிதித்தார். இந்த வயதில் ஒரு போனுக்காக அழுவதா என்று வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே போன் அடித்தது. கூப்பிட்டது ஒரு பெண்.

“அக்கா, முதல்லயே சொல்லிடறேன். நாங்க ஆடுறது உங்க விளையாட்டு இல்ல. அந்தப் பெரிய கம்பெனியோடது. உங்க புஸ்தகம் வாங்கி ஒரே ஒரு தடவைதான் ஆடினோம். நம்பரை மட்டும் கிழிச்சு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம்.”

எதிரே உட்கார்ந்திருந்த தம்பியின் முகம் கறுத்தது. “அவங்க ஆப்புலயே கேட்டுக்கச் சொல்லு!” என்று வாயசைத்து, வெட்டு வெட்டு என்று கையால் காட்டினான். அக்கா அவனைப் பார்க்கவேயில்லை.

“சொல்லும்மா.”

“நாங்க அஞ்சு பேரு. காலேஜ்ல இருந்து ஒண்ணா ஆடறோம். அதுல ஒருத்தர் போன மாசம் இறந்துட்டார். நிஜமாவே. ஆட்டம் பாதியில நிக்குது. அவர் பாத்திரத்தை எங்கள்ல யாராவது எடுத்து நடத்தலாம், இல்லன்னா கதையிலேருந்து நீக்கிடலாம்னு ஆப் சொல்லுது. விதி அதுதான். ஆனா எங்களுக்குக் கை வரலக்கா.”

தம்பியின் கை அப்படியே இறங்கியது.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “கடைசியா அவரு எங்க நின்னாரு?”

“சுரங்க வாசல்ல. நாங்க உள்ள போறோம். ‘நீங்க வர்ற வரைக்கும் நான் காவல்’னு சொன்னார். அதோட அன்னிக்கு எழுந்துட்டோம்.”

“அப்ப அவரை யாரும் தொட வேணாம். அவரு சொன்ன சொல்லுல நிக்கிறாரு. நீங்க போய் உள்ள வேலைய முடிங்க.”

“முடிச்சுட்டு வெளியில வந்தா?”

“வந்ததும் கூப்பிடு.”

போனை வைத்ததும் தம்பி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அவன் எழுதிய புத்தகத்திலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை, அவர்களுடைய தலையணைப் புத்தகத்திலும் இல்லை.

மாதக் கடைசி வந்தது. “லைன் என்னாச்சுடா?” என்று அக்கா கேட்டார். “டெலிபோன் ஆபீஸ்ல ஒரே கூட்டம்” என்றான். மறுவாரம், “அந்த ஆளு லீவு” என்றான். தம்பிக்குப் பொய் சொல்ல வராது என்பது அக்காவுக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை.

போன் அடித்தபோது அக்கா ஒரு பெரியவருக்குக் கோட் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தோள்பட்டையில், வாய் நிறையக் குண்டூசி. தம்பி பட்டனைத் தட்டினான்.

“அக்கா இருக்காங்களா? நாங்க வெளியில வந்துட்டோம்.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசிகளைத் துப்பவில்லை. நீயே பேசு என்று கண்ணால் சொன்னார். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“வாசல்ல... அவரு இருக்காரா?”

“இருக்கார்.”

“உங்களைப் பார்த்ததும் என்ன சொன்னாரு?”

கோட் போட்டிருந்த பெரியவர் என்ன ஏது என்று தெரியாமலேயே அசையாமல் நின்றார். அப்புறம் தூரத்தில் ஒரு ஆண்குரல் உடைந்து வந்தது.

“‘இவ்வளவு நேரமாடா உங்களுக்கு’ன்னு திட்டறான்.”

“இல்ல, முதல்ல எல்லாரும் முழுசா வந்தாச்சான்னு எண்ணிப் பார்ப்பார்” என்றது இன்னொரு குரல். “அவன் எங்க எண்ணினான்? பசிக்குதுன்னுதான் சொல்வான்!” நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் விசும்பினார். செத்துப்போன மனிதர் அந்த அறைக்குள் நடமாடுவது போனில் கேட்டது.

குரல்கள் அடங்க வெகுநேரம் ஆனது. கடைசியில் அந்தப் பெண், “திரும்பவும் ஏதாவது கேக்கணும்னா கூப்பிடலாமா?” என்றாள்.

“கூப்பிடுங்க” என்றான் தம்பி. “எந்த விளையாட்டா இருந்தாலும் சரி. நம்பர் இதேதான் இருக்கும்.”