மார்டள்ளியிலிருந்து வந்த போன்

அந்த வருடம், கொள்ளேகாலுக்கு அப்பால் தமிழ் பேசும் மலையோரக் கிராமமான மார்டள்ளியில் மஞ்சள் காமாலை வீட்டுக்கு வீடு பரவியது. கண் மஞ்சளானவர்களை ஏற்ற பஸ்காரர்கள் தயங்கினார்கள். மைசூர் வரை உட்கார்ந்து வர அவர்களுக்கும் தெம்பில்லை. அதனால் அந்த ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து, மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்த எங்கள் சித்த வைத்தியசாலைக்குப் போன் செய்யச் சொன்னோம். காலையில் போனில் விசாரிப்போம். மதியம் கீழாநெல்லிச் சூரணப் பொட்டலங்களில் பெயர் எழுதி பஸ்ஸில் அனுப்புவோம்.

எனக்கு அப்போது பதினெட்டு வருட அனுபவம். கொள்ளேகால் பக்கத்துப் பெண்ணான சரசு உதவி வைத்தியராகச் சேர்ந்து எட்டு மாதம்தான். ஆனால் நான் போனை எடுத்தால், "ஏனுங்க, அந்த அம்மிணி இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவள் மாடு கன்று போட்டதுவரை விசாரித்துப் பத்து நிமிடம் பேசுவாள். அந்த நேரம் பார்த்து நான் வேண்டுமென்றே உரலில் மருந்து இடிப்பேன்.

ஒருநாள் அவள் பின்னறையில் சூரணம் சலித்துக்கொண்டிருந்தபோது மாதம்மா என்ற பெண் கூப்பிட்டாள்.

"அந்த அம்மிணிகிட்டக் குடுங்க."

"அவங்க இல்லை. நான்தான் பெரிய வைத்தியர், சொல்லுங்க." சரசு பின்னறையில் இருக்கும்போதே கூசாமல் பொய் சொன்னேன்.

"எங்கூட்டுக்காரருக்கு கண்ணு மஞ்சளாயிருச்சுங்க. நாலு நாளா சோறு எறங்கல. அப்புறம்..."

"தெரியும், தெரியும். மருந்து அனுப்புறேன், மோர்ல கலந்து குடுங்க."

வைத்துவிட்டேன். ஒரு நோயாளியாவது என் கணக்கில் சேர்ந்ததில் எனக்குப் பெருமை.

பொட்டலம் கட்ட வந்த சரசு கேட்டாள்: "தெளிவாப் பேசறாரான்னு கேட்டீங்களா சார்?"

நான் கேட்கவில்லை. மாதம்மா ஏதோ சொல்ல வந்ததும் அப்போதுதான் உறைத்தது.

சரசு உடனே பூத்துக்குப் போன் போட்டாள். பூத்துக்காரர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னார்: "பகலெல்லாம் தூங்கறாருங்க. எழுப்புனா பொண்டாட்டியவே யாருன்னு கேக்கறாரு."

சரசு சொன்னாள்: "அண்ணா, காமாலை மூளைக்கு ஏறிருச்சு போல, இது நம்ம மருந்துக்கு அடங்காதுங்க. இப்பவே ஜீப் புடிச்சு கொள்ளேகால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க."

மனிதர் பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து மாதம்மா அவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிலக்கடலையோடு வந்தாள். முதலில் போனில் பேசிய பெரிய வைத்தியர்தான் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார் என்று நினைத்து, அவர் யாரென்று விசாரித்து என் முன்னால் கைகூப்பினாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலைன்னா இவரு இல்லீங்க சாமி."

சரசு பக்கத்தில்தான் நின்றாள். நிலக்கடலைப் பையை வாங்கி ஓரமாக வைத்தாள். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. ஒரு நிமிடம் அப்படியே அனுபவித்தேன். ஆனால் அந்த மனிதர் மெலிந்த கழுத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லம்மா. நீங்க பேசப் பேச போனை வெச்சவன் நான். காப்பாத்தினது இவங்க."

மாதம்மா சரசுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மறுநாளிலிருந்து போன் அடித்தால் சரசுவைக் கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொண்டேன். கண்ணெதிரே இல்லாத நோயாளியை முழுதாகப் பேசவிட வேண்டும் என்பதை, யாரைக் கண்டு பொருமினேனோ அவளிடமிருந்துதான் படித்தேன்.