தண்ணிக் கழிவு

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைக்கு மேலே, இப்போது யாரும் தேயிலைக் கொழுந்து நிறுக்காத பழைய மடுவத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. காற்றை உறிஞ்சி, அதில் ஓசோன் எவ்வளவு என்று எண் காட்டும். அந்த எண்ணைக் காலை எட்டு மணிக்குக் கொப்பியில் எழுதுவது சின்னராசாவின் வேலை. அதே மடுவத்தில் முப்பது வருஷம் தராசு பிடித்த கணக்கப்பிள்ளை அவர்.

மனைவி விஜயலெட்சுமி இறந்து நான்கு வருஷம். பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நோர்வேயிலிருந்து புவனேந்திரன் அழைப்பார். யாழ்ப்பாணத்துக்காரர், காற்றை ஆராய்பவர். ஏழு எண்களையும் கேட்டு எழுதியபின், "சாப்பிட்டீங்களோ ஐயா?" என்பார். அப்படிக் கேட்க அந்த ஒரு குரல்தான் இருந்தது.

வடதுருவத்தில் நீண்ட இரவு முடிந்து சூரியன் தலைகாட்டும்போது, பனிக்கடலின் உப்பிலிருந்து கிளம்பும் புரோமின் அங்குள்ள ஓசோனைத் தின்றுவிடுமாம். நான்கு நாட்டு ஆட்கள் பனிக்கு நடுவே கப்பலில் இருந்து அதை அளக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பனியே காணாத ஒரு மலையின் காற்றும் வேண்டுமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை புவனேந்திரனின் குரல் மாறியிருந்தது.

"ஐயா, மழை நாளில எல்லாம் உங்கட எண் குறையுது. ஏனெண்டு இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

"தண்ணி கழிச்சேங்க."

"என்ன தண்ணி?"

"மழத் தண்ணிங்க. ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிறதுதானே வழக்கம். காத்தும் நனைஞ்சுதானே வருது."

மறுமுனையில் சிரிப்பு வெடித்து, உடனே அடங்கியது.

"மெசின் காட்டிறதை எழுதினாப் போதுமெண்டெல்லோ சொன்னனான்."

"தராசுந்தாங்க காட்டும். அதயே எழுதுனா தொர சும்மா விடுவாரா?"

நனைந்து வந்து வரிசையில் நின்ற பெண்களிடம் இரண்டு கிலோ, மூன்று கிலோ கழித்த கை; கூலியும் அந்த அளவுக்குக் குறையும். விஜயலெட்சுமியின் கொழுந்திலும் கழித்தது. அந்த நாட்களில் அவள் சோற்றை வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவாள்.

"எண்களைப் பாத்தாக் குத்துமதிப்பா ரெண்டு குறையுது. எல்லா மழைக்கும் ஒரே கணக்கா ரெண்டுதானே கழிச்சனீங்கள்? அப்பிடியெண்டா நான் திருப்பிக் கூட்டிவிடுவன், ஒண்டும் பழுதில்லை. இல்லையெண்டா மழை நாள் எண்களை முழுக்க வெட்டோணும். அப்ப ஆள் வேண்டாம், தானா எழுதிற கருவி அனுப்புவம் எண்டுதான் இஞ்ச உள்ளவை நிக்கினம். ரெண்டுதானே ஐயா?"

ஆமாங்க என்றால் போதும், அழைப்பு வந்துகொண்டிருக்கும். சின்னராசா கொப்பியைப் புரட்டினார். மூன்று வருஷம். 'மழை' என்று இருந்தது. கழித்தது எவ்வளவு என்று எங்கும் இல்லை.

"இல்லங்க," என்றார். "தூறலுக்கு ஒன்னு. பெரிய மழைக்கு ரெண்டு. மூனும் கழிச்சிருப்பேன். எழுதி வைக்கல."

"சொன்னது நல்லது, ஐயா," என்றார் புவனேந்திரன். அன்று சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார்.

ஐப்பசியில் ஜீப்பில் கருவி வந்தது. எண்கள் தாமாகவே நோர்வேக்குப் போகின்றன. அதற்குப் பிறகும் இரண்டு வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. கேட்க எண் இல்லாமல் இருவருமே தடுமாறினார்கள். மூன்றாவது வாரம் வரவில்லை.

ஜீப்காரர்கள் சொல்லிச் சிரித்தது லயத்து வீடுகள் முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் நின்றாள்.

"மானத்துக் காத்துக்கிட்டயும் கழிச்சீங்களாமே, கணக்கப்புள்ள?"

"ஆமா புள்ள."

"அதுக்கு வெளிநாட்டுலருந்து போன் போட்டுக் கேட்டாங்க. எங்ககிட்ட கழிச்சத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல," என்றார் சின்னராசா.

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றார். பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டதென்று அவள் போய்விட்டாள்.