கேட்டுக்கு வெளியே அம்மா

எனக்குச் சிங்களம் நல்லா வரும். கல்யாணத்துக்கு முந்தி கொழும்புல ஒரு துணிக்கடையில நின்னேன், அங்க பழகினது. வீட்டுக்காரரு ஹட்டன்ல த்ரீவீல் ஓட்டுறவரு, அதனால அட்ரஸும் டவுன் அட்ரஸ். நானா சொன்னாத்தான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைனு தெரியும். முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் இதோட அருமை எனக்கே புரிஞ்சுது.

வாட்டுல இருந்த நர்ஸ் மிஸ்ஸி என்னைச் சிங்களத்துல 'நங்கி'னு, அதாவது தங்கச்சினு, கூப்பிட்டாங்க. வலி எந்தப் பக்கம்னு கேட்டாங்க, தலகாணியச் சரி பண்ணி விட்டாங்க. நல்ல மனுசி போலனு நெனச்சேன்.

அந்திக்கு அம்மா வந்துச்சு. கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு நேரா பஸ் ஏறியிருக்கு. விரல்ல தேயிலைக் கறை, கையில கொத்தமல்லித் தண்ணி பிளாஸ்க். "பாப்பா, வலி வந்துருச்சா?"னு வாசல்லருந்தே கேட்டுச்சு. மிஸ்ஸி அம்மாவை மேலயும் கீழயும் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. "நீயும் தோட்டமா?" அவ்வளவுதான், நங்கி செத்துப்போனா.

அம்மா கிளம்பினதுக்கப்புறம் வலி வேற மாதிரி ஆச்சு. பிள்ளை அசையற மாதிரியே இல்ல. சிங்களத்துலதான் சொன்னேன், மரியாதையாத்தான் சொன்னேன். "தோட்டத்து ஆளுங்க வலி தாங்குவீங்க, படு"னு சொல்லிட்டு மிஸ்ஸி அந்தப் பக்கம் போயிட்டாங்க. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரல.

விடிஞ்சு வேலைக்கு வந்த மிஸ்ஸி வேற ஆளு, அம்மாவைப் பார்க்காதவங்க. நான் வாயைத் திறந்ததும் "என்ன நங்கி?"னு வந்து வயித்துல கை வச்சுப் பார்த்தாங்க. ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. உடனே ஒப்பரேசன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தாங்க. துடிப்பு எறங்கிருச்சாம், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா பிள்ளை இல்லையாம். நடந்தது எல்லாத்தையும் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு அம்மாகிட்ட சொல்லிட்டாரு.

அதோட அம்மா வாட்டுக்கு வரவே இல்ல. அவரு மட்டுந்தான் வந்தாரு. அம்மா எங்கனு கேட்டேன்.

"ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட நிக்கிறாங்க. 'நான் உள்ள வந்தா தோட்டம்னு தெரிஞ்சுரும், அப்புறம் பிள்ளைக்கு ஒன்னுனா எவளும் திரும்பிப் பார்க்க மாட்டா'ங்கிறாங்க. சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

தெனமும் வேலை முடிஞ்சு வந்து, மழையில நின்னு, பிளாஸ்க்கை மட்டும் உள்ள அனுப்பிட்டுப் போயிருக்கு. தையலோட என்னால கீழ எறங்க முடியல. முதல் பேத்தி, இன்னும் மொகம் பார்க்கல.

வீட்டுக்குப் போகச் சொல்லி துண்டு வெட்டின அன்னைக்கு, கேட்டுக்கு வெளியே த்ரீவீல்ல வச்சுத்தான் அம்மா பிள்ளையை வாங்குச்சு. ரொம்ப நேரம் மொகத்தையே பார்த்துச்சு.

"நல்லா பார்த்துக்கிட்டாங்களா, பாப்பா?"

"நல்லா பார்த்துக்கிட்டாங்க."

"நான்தான் வரலையே"னு சொல்லிட்டு அம்மா திருப்தியா சிரிச்சுச்சு.