விளங்காமலே சொன்ன ஓம்

அது 1996 ஓகஸ்ட் மாதம். நான் இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சீசா என்ற பகுதியில் ஓர் அறையில் கணவரோடு இருந்துகொண்டு, கால்சா என்ற பகுதியில் ஒரு சிஞ்ஞோரா வீட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போவேன். சிஞ்ஞோரா என்றால் அம்மா என்று மரியாதையாகச் சொல்வது. அவர் கணவரை இழந்தவர், அவருக்கு ஒரே ஒரு மகள். வேலை கேட்டுப் போன அன்று, "இத்தாலியன் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று தலையாட்டினேன். உண்மையில் சமையலறைச் சாமான்களின் பெயர்களைத் தாண்டி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் வேலை இருக்கிறது என்ற கடிதத்தைக் காட்டினால்தான் எனக்குப் பெர்மெசோ, அதாவது தங்கியிருக்கும் அனுமதி, கிடைக்கும்.

மகளுக்கு இருபத்துநாலு வயது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகத் தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தாய்க்கு அதில் துளியும் விருப்பமில்லை. பெரிய சண்டை பிடித்துக்கொண்டுதான் மகள் போனாள் என்று சிஞ்ஞோராவே ஒருநாள் சொல்லி அழுதார். ஆனாலும் கடிதம் வந்துவிட்டால், சமையலறை மேசையில் தேசப்படத்தை விரித்து என்னையும் பக்கத்தில் இருத்திக்கொள்வார். சிலியின் வடக்கே அட்டகாமா பாலைவனம். மகள் அங்கே மண் வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊரில் தங்கி, அடுத்த பயணத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் உப்புவெளியைக் கடந்து பொலிவியா, பிறகு பஸ்ஸில் பெரு. சிஞ்ஞோரா அந்த வழியைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

ஒரு வியாழன் மத்தியானம் சிஞ்ஞோரா வெளியே போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. மகள்தான். அவள் பேசியது விட்டு விட்டுக் கேட்டது; நான் பேசியது எனக்கே எதிரொலித்தது. அவள் வேகமாகப் பேசினாள். ஜீப், பொலிவியா, திங்கட்கிழமை, அம்மா. இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏதோ ஊரின் பெயராக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு தொலைபேசி எண். இத்தாலியர்கள் எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள், எனக்கோ இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு கடதாசித் துண்டில் நாலு இலக்கம் எழுதினேன், மிச்சம் போய்விட்டது.

"விளங்கிச்சா? அம்மாவிடம் சொல்வாய்தானே?" என்று கேட்டாள்.

"சி, சி, கப்பீத்தோ" என்றேன். ஓம், ஓம், விளங்கியது.

விளங்கவில்லை, திரும்பச் சொல் என்று கேட்டிருக்கலாம். வெட்கம், வேலை போய்விடும் என்ற பயம். பாதி எண்ணைக் காட்டினால் என் பொய் வெளியே வந்துவிடும் என்று அந்தத் துண்டைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். சிஞ்ஞோரா வந்ததும், "திங்கட்கிழமை ஜீப்பில் பொலிவியா போகிறாளாம். நல்ல சுகமாம்" என்றேன். அந்த 'நல்ல சுகம்' நானாகச் சேர்த்தது.

அடுத்த வியாழன் வந்தது. ஒரு வாரமாக மகளிடமிருந்து தொலைபேசி வரவில்லை. சிஞ்ஞோரா தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே இப்போது குளிர்காலம், எல்லையில் கடும் பனி, வழி அடைபட்டுவிட்டது, சில ஜீப்புகள் எங்கே என்றே தெரியவில்லை என்றார்கள். பொலிவியாப் பக்கம் தேடத் தொடங்கினார்கள். சிஞ்ஞோரா தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். நான் வைத்த சூப்பைத் தொடவில்லை. அந்தப் பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தபடி, "இங்கே இருப்பாளா? இங்கே?" என்று என்னிடம் கேட்பார்.

மூன்றாம் நாள் அவர் மயங்கி விழுந்தார். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, வெப்பமானியை என்னிடம் காட்டி, "ஃபெப்ரே" என்றார். காய்ச்சல். மகள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் அதுதான்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன்.

"வாயைத் திறக்காதையும்," என்றார். "வேலை போனால் பெர்மெசோவும் இல்லை. பிறகு கெஸ்தூரா கந்தோரிலை பொலிஸுக்கு என்னத்தைக் காட்டப்போறீர்?"

"அந்தப் பிள்ளை அங்கை செத்துப்போனால்?"

"இவ்வளவு நாளும் போயிட்டுது. இனிச் சொல்லி என்ன?"

"நான் சொல்லப்போறன்."



விடிந்ததும் போய், சிஞ்ஞோராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தெரிந்த சொற்களால் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்தத் துண்டு எங்கே?" என்று மட்டும் கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காய்ச்சலோடு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து தொலைபேசியை எடுத்தார்.

மகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்த பிறகுதான் சிலிப் பக்கம் ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். இரண்டு நாளில் கலாமா நகர ஆஸ்பத்திரியில் மகளைக் கண்டுபிடித்தார்கள். குடற்காய்ச்சல் முற்றி, குடலில் ஓட்டை விழுந்து, அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. உயிர் இருந்தது.

மாரிகாலம் தொடங்கும்போது வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். நடந்ததை அவள் வாயால் கேட்டேன். காய்ச்சலோடு நடந்துபோய்ப் பொதுத் தொலைபேசியில் எங்களுக்கு எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை ஜீப்பில் போகவில்லை, அம்மாவை இந்த எண்ணுக்கு எடுக்கச் சொல் என்று சொல்லியிருக்கிறாள். அது தங்கியிருந்த விடுதியின் எண். அங்கிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது, வரும் அழைப்பை மட்டும் எடுக்கலாம். பிறகு அவளுக்கு எழுந்து நடக்க முடியவில்லை. மயங்கிக் கிடந்தவளை விடுதிக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"ஐந்து நாள் தொலைபேசி இருந்த கூடத்திலேயே படுத்திருந்தேன்," என்றாள். "அம்மா என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார் என்று நினைத்தேன்."

தாய் அழுதார். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

சிஞ்ஞோரா என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். பெர்மெசோ கிடைத்தது. ஆனால் அதன் பிறகு அவர் என்னை மேசையில் பக்கத்தில் இருத்தியதே இல்லை. மகளும் தாயும் ஒரே வீட்டில் விருந்தாளிகளைப் போலப் பேசிக்கொண்டார்கள்.

பிள்ளை பிழைத்துவிட்டாளே, ஏன் இன்னும் அதையே நினைக்கிறாய் என்று என் வீட்டில் கேட்பார்கள். பெற்ற தாயே தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நம்பி, ஊர் பேர் தெரியாத ஒரு பாலைவனத்தில் ஒரு பிள்ளை கிடந்த அந்த ஐந்து நாட்களை எந்த வைத்தியராலும் குணப்படுத்த முடியாது என்பது, அதற்குக் காரணமாக இருந்த எனக்கல்லவா தெரியும்.