சின்ன டாக்டர்

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கணவருக்கு மிளகுக் கிடங்கில் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகலெல்லாம் நானும் மூன்று வயது மகளும்தான்.

தெருமுனையில் ஒரு டிஸ்பென்சரி. மருந்துக்கு நாமே வீட்டிலிருந்து காலி சீசாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். காலையில் அங்கே இருப்பவரை ஊரே "டாக்டரே" என்றுதான் கூப்பிடும். நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், சிவப்பு மிக்சரை ஊற்றி, சீசாவில் அளவுக் காகிதம் ஒட்டிக் கொடுப்பார். சாயங்காலம் இடக்கொச்சியிலிருந்து இன்னொருவர் வருவாராம். சரி, அவர் பெரிய டாக்டர், இவர் சின்ன டாக்டர் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை.

ஒரு மழைக்காலக் காலையில் மகளுக்குக் கடுங்காய்ச்சல். தொண்டை வலிக்கிறது என்று ஒரே அழுகை. சின்ன டாக்டர் பார்த்துவிட்டு மிக்சரோடு வெள்ளை மாத்திரைகளும் கொடுத்தார். மறுநாள் விடிந்து பார்த்தால், ஐயோ, குழந்தையின் உடம்பெல்லாம் சிவந்து தடித்திருந்தது. உதடு வீங்கிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. வாரித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"சீக்கிரம் ஒரு ஊசி போடுங்க டாக்டரே!"

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஞான் ஊசி போடக் கூடாது மோளே. ஞான் டாக்டரல்ல, கம்பவுண்டராக்கும்" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேற்று மாத்திரை கொடுக்கலாம், இன்றைக்கு ஊசி போடக் கூடாதா? நல்லா இருக்கே நியாயம்! வாயில் வந்தபடி திட்டினேன். அவர் கதவை இழுத்துப் பூட்டினார். சீசாவோடு நின்றவர்களெல்லாம் கூச்சல் போட்டார்கள். காதில் வாங்காமல் என் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

எர்ணாகுளம் போகும் படகில் ஏறினோம். அவர் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தார். டாக்டர் இல்லையென்றால் இந்த மனுஷர் யார்? யாரை நம்பிப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன்? பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படி ஒரு குழப்பம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து கொடுத்தீங்க? யார் கொடுத்தது?"

மாத்திரையின் பெயர் எனக்கு எங்கே தெரியும்? யார் என்று சொன்னால் இவரை என்ன செய்வார்களோ? சொல்லாவிட்டால் பிள்ளை என்ன ஆவாளோ? அதற்குள் அவரே முன்னால் வந்தார்.

"சல்பா மாத்திரை, சாரே. ஞானாக்கும் கொடுத்தது. டாக்டர் எழுதியதல்ல. ஞான் கம்பவுண்டர்."

டாக்டர் வெடித்துவிட்டார். "டாக்டர் எழுதினதைக் கலந்து கொடுக்கிறதுதான் உன் வேலை. நீயா மருந்து கொடுக்க யார் சொன்னது? ஜெயிலுக்குப் போகணுமா?" இவர் கைகட்டி நின்றார்.

சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்து, மகள் "அம்மா, தண்ணி" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் டாக்டர் சொன்னார்: "இது சல்பா உடம்புக்கு ஒத்துக்காம வந்தது. அந்த ஆள் மருந்துப் பேரைச் சொல்லலைன்னா, தொண்டைக்காக நாங்களும் சல்பாவே கொடுத்திருப்போம்." அடுத்த மூச்சிலேயே, "அவன் மேல புகார் கொடும்மா" என்றார்.

புகார் கொடுக்கவும் மனசு வரவில்லை, சும்மா விடவும் மனசு ஆறவில்லை. "கொடுத்தே ஆகணும்" என்று குதித்த கணவர், கம்பவுண்டர்தான் குழந்தையைச் சுமந்துகொண்டு ஓடினார் என்று கேட்டதும், கிளம்பப் போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கடைசியில் நாங்கள் புகார் கொடுக்கப் போகவே இல்லை.

சில மாதம் கழித்து மகளுக்குச் சளி. சீசாவை எடுத்துக்கொண்டு போனேன். அவரேதான் இருந்தார். வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்: "டாக்டர் வரட்டே." ஜனங்களுக்குக் கோபமான கோபம். "பெரிய சட்டம் பேசறாரு! ஒரு மிக்சர் கலக்கத் தெரியல, இவரெல்லாம் ஒரு டாக்டரு" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போனார்கள். அங்கே இருந்த கம்பவுண்டர் கேட்டதையெல்லாம் கொடுப்பாராம். இவர் தலை நிமிராமல் சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குத் திரும்பி, சாயங்காலம் மறுபடி வந்து பெரிய டாக்டரிடமே காட்டினேன்.

மகள் பெரியவளான பிறகு, "அம்மா, அந்த ஆள் என்னைக் காப்பாத்தினாரா, கொல்லப் பார்த்தாரா?" என்று கேட்பாள். மாத்திரையைக் கொடுத்ததும் அந்தக் கைதான், உன்னைச் சுமந்துகொண்டு ஓடியதும் அந்தக் கைதான் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் "டாக்டர் வரட்டும்" என்று எங்கே யார் சொன்னாலும், இன்றைக்கும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.